இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்: கோத்தகிரியில் ஒரு பெருந்தமனி வால்வு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளிக்கு வயது 61. கோத்தகிரியிலிருந்து சற்றுத் தள்ளி, தேயிலைத் தோட்டத்து லயன் வீடு ஒன்றில் மகளோடும் பேரனோடும் இருக்கிறார். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அப்பா அம்மா காலத்திலிருந்தே கொழுந்து பறிப்புதான் தொழில். இவரும் ஓய்வு பெறும் வயதுவரை தோட்டத்தில் பேர் போட்டுவிட்டு, அதற்கப்புறம் பக்கத்துச் சிறு விவசாயிகளின் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். பெயர், தோட்டம், மருத்துவமனை எதையும் சொல்லப்போவதில்லை. அவரிடமும் மகளிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் ஒரு சின்ன மருத்துவமனையில் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கும் வேலையில் இருக்கிறேன், இதில் வரும் மருத்துவ முடிவுகள் எங்கள் மருத்துவர் எடுத்தவை.

கோத்தகிரி ஏறக்குறைய 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஆனால் மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால் எங்களுக்கு ஒரு நல்ல அளவுகோல் கிடைத்துவிடுகிறது: எந்த மேட்டில் நிற்கிறீர்கள் என்று கேட்டால் போதும். இந்த அம்மா முன்பெல்லாம் ரோட்டிலிருந்து லயன் வரை கொழுந்துப் பையோடு ஒரே மூச்சில் ஏறுவாராம். இப்போது வெறுங்கையோடு ஏறும்போதே பாதி வழியில் உட்கார வேண்டியிருக்கிறது, சில மாதங்களாகவே இப்படித்தான் என்றார். நெஞ்சுவலி இல்லை, மயக்கம் வந்ததில்லை.

கையில் வந்த ரிப்போர்ட்

கீழே சமவெளியில் ஒரு ஸ்கேன் மையத்தில் எக்கோ எடுத்திருந்தார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறும் வாசலான பெருந்தமனி வால்வின் திறப்புப் பரப்பு 0.70 ச.செ.மீ., கடுமையான சுருக்கம் என்று எழுதி, வால்வு மாற்று அறுவைக்குப் பரிந்துரை. கூடவே இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஈரிதழ் வால்வு லேசாகப் பின்னுக்குச் சரிகிறது என்றும் ஒரு வரி. இதயம் சுருங்கி விரியும் திறன் நன்றாகவே இருந்தது. உயரம், எடை எழுதும் இடம் காலியாக இருந்தது.

குடும்பம் தயாராகிவிட்டது. அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருந்தாலும் போக, வர, அங்கே தங்கியிருக்க என்று செலவு இருக்கிறதே, அதற்காக மகள் சங்கிலியை அடகு வைத்திருந்தார். எங்களிடம் வந்தது அறுவைக்கு முன் உள்ளூர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோம் என்றுதான். மருத்துவர் ரிப்போர்ட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, மறுபடி ஒரு எக்கோ எடுத்துவிடலாம் என்றார். மகளுக்கு அதில் விருப்பமில்லை. "நகையை வச்சாச்சு, வண்டிக்கும் சொல்லியாச்சு, இப்ப போயி மறுபடி மொதல்ல இருந்தா சிஸ்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அறிகுறி தொடங்கிவிட்ட கடுமையான சுருக்கத்தை அப்படியே விட்டால், பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்கு மேல் தாங்குவதில்லை என்பது 1968-இல் ராஸும் பிரான்வால்டும் எழுதிய கட்டுரையிலிருந்தே தெரிந்த விஷயம். தேவையில்லாமல் தள்ளிப்போடுவதும் ஆபத்து. அதனால் தள்ளிப்போடுவதற்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

எது பொருந்தவில்லை

வால்வின் பரப்பை எக்கோவில் யாரும் நேரடியாக அளப்பதில்லை, அது கணக்குப் போட்டு வரும் எண். அதற்கு அடிப்படை, ஒரே ஓடையில் ஓடும் தண்ணீர் அகலமான இடத்தில் மெதுவாகவும் குறுகலான இடத்தில் வேகமாகவும் போகிறது, ஆனால் இரண்டு இடத்தையும் கடக்கும் தண்ணீரின் அளவு ஒன்றுதான் என்பது. வால்வுக்குச் சற்றுக் கீழே, இடது கீழறையிலிருந்து இரத்தம் வெளியேறும் பாதை இருக்கிறது. நாங்கள் எல்விஓடி என்போம், இங்கே வெளிவழி என்று எழுதுகிறேன். அதன் பரப்பைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு துடிப்பில் இரத்தம் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதால் பெருக்கினால் ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தத்தின் கன அளவு வரும். அதை வால்வுக்குள் அதே துடிப்பில் நகரும் தூரத்தால் வகுத்தால் வால்வின் பரப்பு.

இன்னொரு வழியில், வால்வைக் கடக்கும் உச்ச வேகத்தைப் பார்க்கலாம். வேகத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கினால் வால்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். அந்த ரிப்போர்ட்டில் உச்ச வேகம் நொடிக்கு 3.1 மீட்டர். 3.1-இன் வர்க்கம் 9.61, நாலு மடங்கு என்றால் 38 மி.மீ. பாதரசம். சராசரி வித்தியாசம் 23 என்று போட்டிருந்தது. கடுமை என்று சொல்ல உச்ச வேகம் 4 மீட்டரைத் தொட வேண்டும், சராசரி வித்தியாசம் 40-ஐத் தொட வேண்டும், பரப்பு 1.0 ச.செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. இவருக்குப் பரப்பு மட்டும் கடுமை என்றது, வேகமும் அழுத்தமும் நடுத்தரம் என்றன.

இப்படி முரண்படுவது அபூர்வமில்லை. இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தமே குறைவாக இருந்தால் வால்வு எவ்வளவு குறுகியிருந்தாலும் வேகம் ஏறாது, அது ஆபத்தான வகை. வேகத்தை அளக்க அனுப்பும் ஒலிக்கற்றை, அதாவது டாப்ளர் கற்றை, சாய்வாகப் பட்டால் வேகம் குறைத்துக் காட்டும், 20 பாகை சாய்ந்தாலே ஆறு சதவீதம் போய்விடும். வெளிவழியின் அகலத்தைக் குறைத்து அளந்தாலும் இப்படி வரும். உடம்பே சிறியதாக இருந்தாலும் வரும். அப்புறம் கடுமைக்கு வைத்திருக்கும் இந்த எல்லைக்கோடுகளே ஒன்றோடொன்று முழுசாகப் பொருந்துவதில்லை: சாதாரண ஓட்டத்தில் 1.0 ச.செ.மீ. வால்வுக்கு 40 மி.மீ. வித்தியாசம் வராது, 30-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் வரும். ஆக இவற்றில் எது என்று ஒவ்வொன்றாகத் தேடினோம்.

மறுபடி அளந்தது

அவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு ஒரு நொடி நிறுத்தச் சொல்லி, நெஞ்செலும்புக்கு இடது ஓரத்தில் புரோபை வைத்தேன். ஒல்லியான உடம்பு, படம் தெளிவாக வந்தது. வெளிவழியைப் பெரிதாக்கிப் பார்த்ததும் விஷயம் புலப்பட்டது. இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் தசைச்சுவர், வால்வுக்குக் கொஞ்சம் கீழே உள்பக்கமாகப் புடைத்திருந்தது. வயதானவர்களுக்கு இது அடிக்கடி இருக்கும். முதல் ரிப்போர்ட்டோடு கொடுத்திருந்த படத்தில் அளவுக்கோடு அந்தப் புடைப்பின் மேலேயே, வால்வுக்கு ஒரு செ.மீ.க்கும் கீழே நின்றது. அங்கே அகலம் 1.6 செ.மீ. அளக்க வேண்டிய இடம் அதுவல்ல, இதழ்கள் சுவரில் ஒட்டியிருக்கும் மடிப்பை ஒட்டிய இடம். இரத்தம் முழு வேகத்தில் வெளியேறும் அந்த நடுக்கணத்தில் படத்தை நிறுத்தி, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்குக் கோடு போட்டால் 1.8 செ.மீ. வந்தது. பல துடிப்புகளில் போட்டுப் பார்த்தேன், அதேதான். மருத்துவரும் தனியாக அளந்தார்.

இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்புக்கு விட்டத்தின் வர்க்கத்தை 0.785-ஆல் பெருக்க வேண்டும். 1.6 என்றால் 2.01 ச.செ.மீ., 1.8 என்றால் 2.54 ச.செ.மீ. விட்டம் எட்டில் ஒரு பங்கு கூடியதற்குப் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. ஒருவேளை அளக்கும் இடத்தில் எல்லா எண்களும் ஒரே மாதிரி முக்கியம் என்ற எண்ணம் நமக்கு இருக்கலாம், ஆனால் இந்தக் கணக்கில் வர்க்கமாகப் போவது இது ஒன்றுதான். தவறு எங்கே பெருகும் என்று தெரிந்தால் எங்கே நின்று நிதானமாக அளக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வெளிவழியில் ஒரு துடிப்புக்கு இரத்தம் நகரும் தூரம் 23 செ.மீ., வால்வுக்குள் 66 செ.மீ. ஆக பரப்பு 2.54 × 23 ÷ 66 = 0.89 ச.செ.மீ. வேகம் குறைத்துக் காட்டுகிறதோ என்ற சந்தேகத்துக்காக வலப்பக்கம் படுக்க வைத்து நெஞ்செலும்பின் வலது ஓரத்திலிருந்தும், கழுத்துக்குழியிலிருந்தும் டாப்ளர் போட்டுப் பார்த்தேன். 3.1-க்கு மேல் எங்கும் போகவில்லை. ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தம் 2.54 × 23, அதாவது 58 மி.லி., சின்ன உடம்புக்கு அது நல்ல அளவு. ஆக ஓட்டம் குறைவு என்ற ஆபத்தான வகையும் இல்லை. நாடித்துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 96 இருந்தது, படுத்துக்கொண்டிருப்பவருக்கு அது அதிகம். அதைக் குறித்துவைத்தோம்.

வெளிவழி உண்மையில் முழு வட்டம்கூட இல்லை, சற்று நீள்வட்டம். எக்கோவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதன் குறுகிய பக்கத்தை, அதனால் வட்டம் என்று வைத்துப் போடும் கணக்கு பரப்பைக் கொஞ்சம் குறைத்தேதான் காட்டும் என்பது சி.டி. படங்கள் வந்த பிறகு தெளிவாகிவிட்டது. ஆகவே 0.89 என்பதும் கீழ்ப்பக்கம் சாய்ந்த எண்தான்.

இந்த அகலத்தை நம்பாத ஒரு விகிதமும் இருக்கிறது. வெளிவழித் தூரத்தை வால்வுத் தூரத்தால் வகுத்துவிட வேண்டியதுதான்: 23 ÷ 66 = 0.35. விட்டமே இதில் வராது, வர்க்கத் தவறுக்கு இடமில்லை. 0.25-க்குக் கீழே போனால் கடுமை. அந்தப் பழைய ரிப்போர்ட்டின் எண்களிலிருந்தே இதைப் போட்டிருக்கலாம், அதே 0.35 வந்திருக்கும். என்னைப் பொறுத்தவரை ரிப்போர்ட்டில் முதல் வரியில் எழுத வேண்டிய எண் இதுதான்.

இதழ்களின் கணக்கு

அறுபதைத் தாண்டியவருக்குப் பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தால், பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்தானா என்று பார்க்காமல் விடக்கூடாது. நூறு பேரில் ஒருவர் இருவருக்கு அப்படி இருக்கும், அவர்களுக்குச் சுருக்கம் சீக்கிரமே வந்துவிடும். குறுக்கு வெட்டில் பார்த்தபோது இவருக்கு மூன்று இதழ்களும் நடுவில் வந்து சேரும் மூன்று கோடுகளும் இருந்தன, ஓரங்களில் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாகத் தெரிந்தது.

திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பேரன் பன்னிரண்டாம் வகுப்பு, கணக்குப் பிரிவு. தங்க விகிதம் இதயத்தில் இருக்கிறதாமே, அம்மாயி வால்வில் 1.618 இருக்கிறதா என்று கேட்டான். 2011-இல் ஒரு ஆய்வுக்குழு இதயத்தின் நீள அகலங்களில் அந்த விகிதத்தைப் பார்த்ததாக எழுதியது உண்மைதான். ஆனால் யாருக்கு அறுவை செய்வது என்று முடிவெடுக்க அது உதவுவதில்லை. அவனுக்கு அதைவிட அழகான கணக்கு ஒன்றைக் காட்டினேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வால்வை எனக்குப் புரியவைத்தது அதுதான்.

வால்வின் வளையத்துக்கு ஆரம் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மூடும்போது ஒவ்வொரு இதழின் விளிம்பும் சுவரிலிருந்து நடுவுக்கு வந்து, அங்கிருந்து திரும்பி அடுத்த மூலைச் சுவருக்குப் போக வேண்டும். ஆக விளிம்பின் நீளம் இரண்டு ஆரம், அதாவது 2. முழுசாகத் திறக்கும்போது அதே விளிம்பு சுவரோடு ஒட்டி வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வில்லாக வேண்டும். முழுச் சுற்றளவு 6.28, மூன்றில் ஒரு பங்கு 2.09. மூடத் தேவை 2, திறக்கத் தேவை 2.09. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து சதவீதம்கூட இல்லை! அதனால்தான் மூன்று இதழ் வால்வு பெரிதாக இழுபடாமல், மடிந்து தொங்காமல், ஏறக்குறைய முழு வட்டமாகத் திறக்கிறது. இரண்டே இதழ் என்றால் மூடத் தேவை அதே 2, ஆனால் திறக்க 3.14 வேண்டும். ஒன்று வாசல் முழுசாகத் திறக்காது, இல்லாவிட்டால் விளிம்பு நீளமாகி மூடும்போது சுருண்டு நிற்கும். நாலு இதழ் என்றால் திறக்க 1.57 போதும், மீதி விளிம்பு வழியில் தொங்கும். லியனார்டோ டாவின்சி 1513-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே கேள்வியைக் கேட்டு, மூன்று இதழையும் நாலு இதழையும் வட்டத்துக்குள் வரைந்து பார்த்த தாள்கள் வின்ட்சர் அரண்மனைத் தொகுப்பில் இருக்கின்றன. உண்மையான வால்வில் விளிம்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று படிந்து கசியாமல் மூட அது வேண்டும். சுண்ணாம்பு படிந்தால் அந்தத் தாராளம் போய்விடுகிறது. இந்த அம்மாவுக்கு இரண்டு இதழ்கள் விறைத்திருந்தன, மூன்றாவது ஓரளவு நன்றாகவே அசைந்தது.

ஈரிதழ் வால்வைப் பற்றிய வரியையும் பார்த்தோம். மலைத்தோட்டங்களில் வால்வு நோய் என்றாலே சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சலை நினைக்க வேண்டும், அது பெரும்பாலும் ஈரிதழ் வால்வைத்தான் முதலில் பிடிக்கும். இவருக்கு இதழ்கள் மெலிதாக, ஒட்டாமல், நன்றாகத் திறந்தன. பின்னுக்குச் சரிகிறது என்று எழுதியிருந்தது நாலு அறையும் ஒன்றாகத் தெரியும் கோணத்தில் மட்டும் பார்த்து எழுதியது. ஈரிதழ் வால்வின் வளையம் தட்டையான வட்டம் இல்லை, முன்பக்கமும் பின்பக்கமும் உயர்ந்து இரண்டு ஓரமும் தாழ்ந்த வளைந்த பரப்பு. நாலு அறைக் கோணம் தாழ்ந்த ஓரங்களை வெட்டிக்கொண்டு போகிறது, அங்கிருந்து பார்த்தால் சரியான இதழ்கூட வளையத்தைத் தாண்டிச் சரிவது போலத் தெரியும். 1980களின் கடைசியில் ராபர்ட் லெவினும் கூட்டாளிகளும் இதைக் காட்டிய பிறகுதான், அதுவரை சரிவு என்று சொல்லப்பட்ட பலருக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. நீளவாக்குக் கோணத்தில் இதழ் இரண்டு மி.மீ.யாவது வளையத்தைத் தாண்ட வேண்டும். இவருக்குத் தாண்டவே இல்லை. அந்த வரியை நீக்கினோம்.

உடம்புக்கு ஏற்ற வால்வு

உயரம் 143 செ.மீ., எடை 40 கிலோ. இரண்டையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு 1.26 ச.மீ. 1987-இல் மோஸ்டெல்லர் சொன்ன சுருக்கமான வழி இது, கைப்பேசியிலேயே போட்டுவிடலாம். கடுமை என்பதற்கான 1.0 ச.செ.மீ. என்ற கோடு எல்லா உடம்புக்கும் ஒரே கோடு. ஆறடி ஆளுக்கும் அதுதான், கொழுந்து பறிக்கும் இந்த அம்மாவுக்கும் அதுதான். சின்ன உடம்புக்குத் தேவைப்படும் இரத்தமும் குறைவு, வால்வும் பிறவியிலேயே சிறியது. அதனால் பரப்பை உடல் பரப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும், அப்போது கடுமையின் கோடு 0.6. இவருக்கு 0.89 ÷ 1.26 = 0.71. நடுத்தரம்.

பழைய 0.70 ச.செ.மீ.யை வகுத்தால் 0.56 வரும், கடுமை. ஆக உடல் பரப்பால் வகுத்தாலும் விட்டத்தைத் தவறாக அளந்திருந்தால் தப்பிக்க வழியில்லை. இந்த வகுத்தல் எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிகவும் பருமனானவர்களுக்கு எடையால் உடல் பரப்பு ஏறிவிடும், வால்வு அதற்கேற்ப வளர்வதில்லை, அதனால் சாதாரண சுருக்கமும் கடுமையாகத் தெரியும்.

அப்படியென்றால் மூச்சு ஏன் வாங்கியது

மருத்துவர் அவருடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7.2 வந்தது. சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன, இரும்புச் சேமிப்பு கிட்டத்தட்ட காலி. நீலகிரியில் இரத்தசோகை என்றால் அரிவாள் செல் பரிசோதனையும் சேர்த்தே அனுப்புவது எங்கள் வழக்கம். இருளர், குறும்பர், பணியர் மக்களிடம் அது கூடுதல், இவர் அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர் இல்லை என்றாலும் அனுப்பினோம். இல்லை என்று வந்தது.

மாதவிடாய் நின்று பல வருஷமான ஒருவருக்கு இரும்பு எங்கே போகிறது? கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கி மாத்திரை போடுவதாகச் சொன்னார். எவ்வளவு நாளாக என்றால், "அது போடாம மேடு ஏற முடியாது சிஸ்டர், எல்லாரும்தான் போடுறாங்க" என்றார். மலப் பரிசோதனையில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தது. இரைப்பை எண்டோஸ்கோப்பியில் பல இடத்தில் புண். பெருங்குடலையும் பார்த்தோம், ஏனென்றால் பெருந்தமனி வால்வு சுருக்கமும் குடல் இரத்தக்கசிவும் சேர்ந்து வருவதை 1958-இலேயே ஹைடு என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். குறுகிய வால்வில் உராய்ந்து போகும்போது இரத்தம் உறைய உதவும் ஒரு பெரிய புரதம் சிதைந்துவிடுவது அதற்குக் காரணம். இவருக்குப் பெருங்குடலில் எதுவும் இல்லை.

இரத்தசோகை இருந்தால் இதயம் வேகமாக அடித்து, அதிக இரத்தத்தைத் தள்ளி ஈடுகட்டும். நாடித்துடிப்பு 96 ஏன் என்பதும் இப்போது புரிந்தது. அதிக ஓட்டம் என்றால் அதே வால்வில் வேகமும் அழுத்த வித்தியாசமும் ஏறும், ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்பும் பலமாகக் கேட்கும்.

எடுத்த முடிவுகள்

அறுவையை ரத்து செய்யவில்லை, நிறுத்திவைத்தோம். எக்கோ மட்டும் போதாது என்று மருத்துவர் கோயம்புத்தூருக்கு ஒரு சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். சாயம் ஏற்றாமல் வால்வில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது. இதில் விட்டம் கிடையாது, ஓட்டம் கிடையாது, இரத்தசோகையால் மாறவும் மாறாது, எங்கள் கணக்கு தவறாக இருந்தால் காட்டிக்கொடுக்கும். பெண்களுக்கு இந்தச் சுண்ணாம்பு மதிப்பெண் 1200-க்கு மேல் என்றால் கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம், 800-க்குக் கீழே என்றால் குறைவு. ஆண்களுக்கு இதே கோடுகள் 2000, 1600. இவருக்கு 640 வந்தது.

இரத்தம் ஏற்றலாமா என்று பேசினோம். ஓய்வில் இருக்கும்போது தொந்தரவு இல்லை, கசிவும் மெதுவானது. வால்வு சுருங்கி இறுகிய கீழறைக்குள் ஒரேயடியாகக் கன அளவைக் கூட்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்ற கவலை இருந்தது. அதனால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஊசி. வலி மாத்திரையை நிறுத்தி, இரைப்பைப் புண்ணுக்கு மருந்து, முழங்காலுக்குப் பிசியோதெரபியும் பாராசிட்டமாலும்.

மகளிடம் மருத்துவர் எதையும் மறைக்காமல் பேசினார். வால்வு நோய் இருக்கிறது, அது போகாது, ஆனால் இப்போதைய மூச்சு வாங்கலுக்கு அது முதல் காரணம் இல்லை என்று நினைக்கிறோம், இரத்தம் ஏறியும் மூச்சு சரியாகாவிட்டால் நாங்கள் சொன்னது தவறு என்று அர்த்தம், அப்போது நேராக அறுவைக்கு அனுப்புவோம். மயக்கம், நெஞ்சுவலி எது வந்தாலும் காத்திருக்கக்கூடாது. மகள் முழுசாக நம்பினாரா என்று தெரியவில்லை. சரி, மூணு மாசம் பார்ப்போம் என்றார்.

அதற்கப்புறம்

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.1. ரோட்டிலிருந்து லயன் வரை நிற்காமல் ஏறுவதாகச் சொன்னார், மகளும் ஆமாம் என்றார். நாடித்துடிப்பு 78.

எக்கோவில் கிடைத்தது எங்கள் எல்லாருக்கும் பாடமாக இருந்தது. உச்ச வேகம் 3.1-லிருந்து 2.7-க்கு இறங்கிவிட்டது, உச்ச அழுத்த வித்தியாசம் 38-லிருந்து 29-க்கு. வேகத்தை மட்டும் பார்த்தால் நடுத்தரத்திலிருந்து லேசான வகைக்கு வந்துவிட்டார், வால்வு குணமாகிவிட்டது என்றே ஒருவர் எழுதிவிடலாம். ஆனால் வெளிவழித் தூரம் 20 செ.மீ., வால்வுத் தூரம் 57 செ.மீ. விகிதம் அதே 0.35. பரப்பு அதே 0.89. ஓட்டம் இறங்கியபோது மேலேயும் கீழேயும் ஒரே பங்கில் இறங்கியிருக்கிறது, வால்வு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சங்கிலியை மீட்டுவிட்டார்கள். கொழுந்து வேலைக்குப் போக வேண்டாம் என்று மகள் சொல்லியும், கையால் பறிக்கும் பருவத்தில் அரைநாள் போய்வருகிறார். பாரம் தூக்குவதில்லை.

இனி மாற்றியவை, மாற்ற வேண்டியவை

எங்கள் எக்கோ படிவத்தில் இப்போது உயரம், எடை இல்லாமல் ரிப்போர்ட் அச்சாகாது. வெளிவழியின் விட்டத்தை எண்ணாக எழுதுவதோடு, அளவுக்கோடு நிற்கும் படத்தையும் நோயாளியிடம் கொடுத்தனுப்புகிறோம், அடுத்து பார்ப்பவர் எங்கே அளந்தோம் என்று சரிபார்க்க முடியும். இந்த நிகழ்வில் பழைய மையம் படத்தைக் கொடுத்திருந்ததால்தான் வித்தியாசம் எங்கே வந்தது என்று எங்களுக்கே தெரிந்தது, அதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வெளிவழி விகிதமும் கட்டாயம். வால்வு மாற்றத்துக்கு என்று அனுப்பும் யாருக்கும் ஹீமோகுளோபின் பார்த்த தேதி கடிதத்தில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இன்னும் செய்யாதது, தோட்டத்து லயன்களில் வலி மாத்திரையைப் பற்றிப் பேசுவது. எல்லாரும்தான் போடுறாங்க என்று அவர் சொன்னது என் மனதில் நிற்கிறது. கிராமச் செவிலியரோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும்.

இந்த அம்மாவுக்கு வருஷம் ஒரு தடவை எக்கோ. சராசரியாக இப்படிப்பட்ட வால்வு ஆண்டுக்கு 0.1 ச.செ.மீ. அளவில் சுருங்கும், உச்ச வேகம் 0.3 மீட்டர் ஏறும். சிலருக்கு மெதுவாக, சிலருக்கு வேகமாக. அறுவை ஒருநாள் வரலாம். அப்போதும் இதே உடல் பரப்புக் கணக்கு வேண்டும்: பொருத்தும் வால்வின் திறப்புப் பரப்பை உடல் பரப்பால் வகுத்தால் 0.85-க்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புது வால்வே உடம்புக்குச் சுருக்கமாகிவிடும். 0.85 × 1.26, அதாவது 1.07 ச.செ.மீ. அந்த எண்ணையும் அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் உயரம், எடைக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறோம்.